யாருக்கய்யா கொழுப்பு?

என் பெரியம்மாவுக்கு வயது 67, எடை 46 கிலோ. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். இலுப்பூர்க் கடைவீதியில் பெரியம்மா இன்னும் பறக்காமல் நடந்துபோவது அதிசயம்தான். ஐந்தாறு வருஷமாகச் சர்க்கரை. போன தை மாதம் நெஞ்சு படபடவென்கிறது என்றார். பஸ் ஏற்றி ஒரு பெரிய ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். 'பேக்கேஜ்' என்றார்கள். குக்கர் வாங்கினால் கரண்டி இலவசம் என்கிற மாதிரி, ரத்தம் கொடுத்தால் ஈசிஜி சலுகை, ஈசிஜி எடுத்தால் 'டயட் கவுன்சலிங்' இலவசம். அந்த இலவசத்தில் கிடைத்தது ஒரு வழவழப்பான வண்ணத்தாள்.

தாளின் தலையில் சிவப்பாக ஓர் இதயம் சிரித்தது. கீழே முழுக்க ஆங்கிலம். காலையில் ஓட்ஸ், கொழுப்பு நீக்கிய பால். மதியம் புரோக்கோலி, ஒரு டீஸ்பூன் ஆலிவ் எண்ணெய். ராத்திரி சால்மன். நடுவில் பசித்தால் 'லோ ஃபேட்' பிஸ்கட் இரண்டு. முட்டையில் மஞ்சள் கூடாது, தேங்காய் கூடாது, கடலை கூடாது, கறி கூடவே கூடாது. மூன்று வேளையும் தட்டில் கோபுரமாக எழும் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் படித்துக் காட்டச் சொன்னார்.

"சால்மன்னா யாருப்பா?"

"மீனு பெரியம்மா. நார்வேப் பக்கம் கெடைக்கும்."

"அங்கேருந்து இங்க யாரு கொண்டாருவாக? நம்ம கம்மாயில கெண்ட இருக்கு, அத எழுதலையா?"

"எழுதல. மொத்தத்துல கொழுப்பக் கொறைக்கணுமாம்."

"யாருக்கு? எனக்கா?" என்று கேட்டுவிட்டு, தன் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்துக் காட்டினார். இடைவெளி மிஞ்சியது.

தமிழில் கொழுப்பு என்றால் உடம்பில் இருப்பது மட்டும் இல்லை, வாயில் இருப்பதும்தான். "உனக்கு என்ன கொழுப்பு" என்று ஒருவரைக் கேட்டால், அவர் லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவதில்லை. 46 கிலோ மனுஷியின் கையில் ஆலிவ் எண்ணெய்ச் சீட்டைத் திணித்து அனுப்பியவர்களுக்கு இருப்பது இரண்டாவது வகை. 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். பெரியம்மா மூன்று நாள் கரை வெட்டினால் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் வாங்கலாம். நாலாவது நாள் சால்மனுக்கு வெட்ட வேண்டும்.

கொழுப்பில்லாச் சாப்பாடு எங்கள் சீமைக்குப் புதிதும் இல்லை. மானாவாரிச் செம்மண். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன். என் அப்பத்தா காலத்தில் காலையில் நீராகாரம், மதியம் கம்பங்கஞ்சி, ராத்திரி அதில் மிச்சம். பலகாரச் சட்டி அடுப்பேறியது தீபாவளிக்குத் தீபாவளி. கறி, சாமி கும்பிட்டால் உண்டு. இன்றைக்கு எந்த டயட்டீஷியன் பார்த்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் லோ ஃபேட் வாழ்க்கை அது. அன்றைக்கு அதற்குப் பெயர் இல்லாமை. பெயரை மாற்றி, அட்டைப் பெட்டியில் அடைத்து, பார்கோடு ஒட்டியதும் விலை வந்துவிட்டது.

எங்கள் ஊரான இலுப்பூரின் பெயரே எண்ணெய்ப் பெயர். இலுப்பை விதையை ஆட்டினால் எண்ணெய். அதில்தான் தலைமுறை தலைமுறையாகக் கோயில் விளக்கு எரிந்தது. அதே மரத்தின் பூ விடியற்காலையில் உதிரும்; பொறுக்கித் தின்றால் இனிக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று பழமொழி சொன்னவர்கள் அந்தப் பூவை ருசித்தவர்கள்தான். விதையில் எண்ணெய், பூவில் சர்க்கரை. கடந்த எழுபது வருஷ இதய அரசியல் முழுக்க இந்த ஒரே மரத்தில்தான் தொங்குகிறது: நெஞ்சை அடைத்த குற்றவாளி விதையா, பூவா?

அமெரிக்கா விதையைப் பிடித்து உள்ளே போட்டது. 1955 செப்டம்பரில் அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. நாடே தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டது. ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் கொழுப்பைக் கைகாட்டினார். 1961 ஜனவரியில் 'டைம்' இதழின் அட்டையில் வந்தார். அவருடைய புகழ்பெற்ற ஏழு நாட்டு ஆய்வில் ஜப்பான் உண்டு, இத்தாலி உண்டு, பின்லாந்து உண்டு, இந்தியா இல்லை. கீஸை நான் திட்டப் போவதில்லை. அவர் சொன்னதில் முக்கியமான பாதி இன்றும் நிற்கிறது: நெய், கொழுப்புக் கறி, பாமாயில் வகையறாவில் உள்ள நிறைகொழுப்பு எல்டிஎல் என்ற கொலஸ்ட்ராலை ஏற்றும், எல்டிஎல் ஏறினால் ரத்தக் குழாய் அடைக்கும். ஆனால் 'இன்ன கொழுப்பு' என்ற ஆராய்ச்சி, கடைக்கு வரும் வழியில் 'கொழுப்பே ஆகாது' என்ற கோஷமாகிவிட்டது.

பூ எப்படித் தப்பித்தது? பணம் கொடுத்துத்தான். 1965-இல் அமெரிக்காவின் சர்க்கரை ஆலைக்காரர்கள் நடத்திய சுகர் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஹார்வர்டு அறிஞர்களிடம் ஒரு கட்டுரைக்குச் சொல்லி 6,500 டாலர் கொடுத்தது. 1967-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் கட்டுரை வந்தது; குற்றம் கொழுப்பின் தலையில், சர்க்கரை நிரபராதி. சர்க்கரைக்காரர்கள் காசு கொடுத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. இரு தரப்பும் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தோண்டியெடுத்து வெளியிட்டது 2016-இல்தான். 49 வருஷம்! கட்டுரை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஹெக்ஸ்டெட், பிறகு அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியை எழுதும் வேலைக்கும் போனார். சர்க்கரைதான் ஆபத்து என்று 1972-இல் புத்தகமே எழுதிய இங்கிலாந்தின் ஜான் யுட்கினைக் கேலி பேசி ஓரங்கட்டினார்கள். 6,500 டாலர்! நம் ஊர் வார்டு எலெக்ஷனுக்குக் கூடக் காணாது. அதில் ஒரு தலைமுறையின் தட்டையே வாங்கிவிட்டார்கள்.

கொழுப்பை எடுத்தால் பண்டம் சக்கையாகிவிடும். ருசிக்கு என்ன செய்வது? சர்க்கரையைக் கொட்டினார்கள். 1992-இல் நபிஸ்கோ கம்பெனி கொழுப்பில்லாத பிஸ்கட் விற்க வந்தபோது அமெரிக்கர்கள் பெட்டி பெட்டியாகத் தின்றார்கள். கொழுப்பில்லை அல்லவா, எவ்வளவு தின்றால் என்ன? பெரியம்மாவின் தாளில் உள்ள 'லோ ஃபேட்' பிஸ்கட் அந்த வம்சத்துப் பேரப்பிள்ளைதான். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையும் மைதாவும் சீட்டெழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேலே இதயம் சிரிக்கிறது.

சரி, கொழுப்பைக் குறைத்தவர்களாவது பிழைத்தார்களா? அமெரிக்காவில் 48,835 பெண்களை வைத்து எட்டு வருஷம் பார்த்தார்கள். ஒரு பிரிவு கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டது, மறு பிரிவு வழக்கம்போல. 2006-இல் முடிவு வந்தது: மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எடைக்கும் இதே கதைதான். 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம் பார்த்ததில், கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ குறைந்தது, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. வெற்றி தோல்வி இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தது ஒன்றுதான்: காய்கறி தின்னு, சர்க்கரையையும் வெள்ளை மாவையும் பாக்கெட் பண்டத்தையும் விடு. அதைச் சொல்ல என் அப்பத்தா ஃபீஸ் வாங்கியதில்லை.

நம்மூர்ச் சிக்கல் வேறு. சென்னையில் உள்ள மதராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-இல் ஒரு கணக்குச் சொன்னது: நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வந்தது: இந்தியன் தின்னும் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்து, பெரும்பகுதி தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை. சோற்றில் கொழுப்பு இல்லைதானே என்பார்கள். இல்லைதான். ஆனால் ஈரல் என்று ஒரு செக்கு வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கடலை போட வேண்டாம், எள் போட வேண்டாம். உடம்பு செலவழித்தது போக மிஞ்சிய சோற்றையும் சர்க்கரையையும் போட்டால் போதும், டிரைகிளிசரைடு என்ற பெயரில் எண்ணெய் இறங்கும். மாட்டை அவிழ்த்துவிட்டாலும் அந்தச் செக்கு நிற்காது.

அப்படி இறங்கியது வெளியில் தெரியவும் தெரியாது. 2004-இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், பக்கத்தில் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின். இவர் வேறு யுட்கின். உயரத்துக்கு எடை என்கிற பிஎம்ஐ கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ஒல்லியாகவே இருந்துகொண்டு உள்ளே கொழுத்தவர்கள் நாம். பெரியம்மாவுக்குத் தேவை சோற்றைப் பாதியாக்கி, முட்டையையும் கெண்டையையும் பயறையும் கூட்டும் சீட்டு. கிடைத்தது நூறு கிலோ அமெரிக்கருக்கு அச்சடித்த சீட்டு.

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வாருங்கள். விஷயம் தெரிந்தவர் ஒருவர் தினமும் வருகிறார். மெதுவடையைப் பழைய நாளிதழில் வைத்து, பகையாளி கழுத்தைப் பிடித்த மாதிரி ஒரு பிழி. தாள் கண்ணாடியாகும் வரை பிழி. அச்சு மை வடையில் ஏறி, நேற்றைய தங்க விலை அதன் முதுகில் தெரிகிறது. அப்புறம், "மாஸ்டர், டீக்குச் சர்க்கரை தூக்கலா." இவர் முட்டாள் இல்லை, அரை நூற்றாண்டுப் பிரச்சாரத்தில் தேறி வந்த முதல் வகுப்பு மாணவர். அந்தச் சட்டியில் கொதிக்கும் எண்ணெய்க்கு எத்தனை நாள் வயது என்று அவர் கேட்டதில்லை. பொரித்துப் பொரித்துக் கெட்ட எண்ணெயில் கழிவுச் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்று 2018-இலிருந்து சட்டம் இருக்கிறது. அளக்கிற கருவியை நான் எந்த டீக்கடையிலும் பார்த்ததில்லை.

எதிரே மளிகைக்கடையில் ஒரு பாட்டில்: 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்'. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படியாக ஒருநாளும் இருந்ததில்லை. எலும்பில்லாத வாழைப்பழம் என்று கூவி விற்கிற வியாபாரம் இது. அந்த நியாயத்தில் பார்த்தால், எங்கள் ஊரிலேயே சுத்தமான பூஜ்ஜியக் கொழுப்புப் பண்டம் டாஸ்மாக்கில் கிடைக்கிறது. கொழுப்பு இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை. கிராமுக்கு 7 கலோரியும் ஒரு குடும்பத்தின் தாலியும் மட்டும். பச்சை இதயப் படம் போட்டு விற்க அரசுக்கு இன்னும் தோன்றவில்லை. யோசனையை இனாமாகத் தருகிறேன். பஞ்சுமிட்டாயிலும் கொழுப்பு கிடையாது. 2024 பிப்ரவரியில் அதைத் தடை செய்தது ரோடமின்-பி சாயத்துக்காக. சர்க்கரையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

இனி அரசாங்கத்தின் கொழுப்புக்கு வருவோம். 2025 ஜனவரியில் டேராடூனில் தேசிய விளையாட்டுப் போட்டியைத் தொடங்கி வைத்த பிரதமர், சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்றார். அடுத்த மாதம் வானொலியிலும் சொல்லி, பத்துப் பிரபலங்களைப் பெயர் சொல்லிக் களத்தில் இறக்கினார். நல்ல விஷயம்தான். அந்த மே மாதக் கடைசியில் அவருடைய அரசே கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியது. சொன்ன பத்தைக் குறைத்துவிட்டார்கள். எண்ணெயில் இல்லை, எண்ணெய் வரியில். செப்டம்பரில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆனது. அதற்கு முன்பே, 2021-இல், உள்நாட்டில் எண்ணெய்ப்பனை வளர்க்க 11,040 கோடி ரூபாய்த் திட்டம். பனையும் நட வேண்டும், பத்தும் குறைக்க வேண்டும்.

பாக்கெட்டின் முகத்தில் எச்சரிக்கை அச்சடிக்கச் சொன்னால் அதற்கும் ஒரு நழுவல். சிலி நாட்டில் 2016-இலிருந்து சர்க்கரையோ உப்போ நிறைகொழுப்போ மிகுந்த பொட்டலத்தில் கறுப்பு எண்கோணம் போட்டாக வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளையும் பார்த்து ஒதுங்கும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் கொண்டுவந்த வரைவு நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது. விஷத்துக்கு அரை நட்சத்திரம், அமுதத்துக்கு ஐந்து. சினிமா விமர்சனம் போல. ஒன்றரை நட்சத்திரப் படத்துக்கும் முதல் நாள் முதல் காட்சி ஹவுஸ்ஃபுல் ஆகிற நாடு இது.

மாநில அரசுக்கும் பங்கு உண்டு. ரேஷனில் அரிசி சாதாரணக் கார்டுக்கு 20 கிலோ வரை இலவசம், துவரம் பருப்பு ஒரே ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். இலவச அரிசியை நிறுத்து என்று சொல்கிறவன் வாயில் மண் விழட்டும். பசியை விரட்டிய அரிசி அது. என் கேள்வி அந்த ஒற்றைக் கிலோ பருப்பைப் பற்றியது. கடலை விளைகிற எங்கள் மாவட்டத்துக்கு மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் எண்ணெய் ஏன் கப்பலேறி வருகிறது என்பதைப் பற்றியது. செம்மண் கடலையை விவசாயி அடிமாட்டு விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டு, பையை மடக்கிக்கொண்டு பாமாயில் வரிசையில் நிற்கிறான். இருபது கிலோ சோறும் ஒரு கிலோ பருப்பும் தின்று சர்க்கரை ஏறினால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பெண் பணியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பெரியம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் ஒரே ஆள் அவர்களில் ஒருவர்தான். ஆனால் நோய் முன்வாசல் வழியாக மூட்டையில் வருகிறது, மருந்து அதே வாசலுக்கு அட்டையில் வருகிறது.

ஆவின் பால் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2023 நவம்பரில், 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சைப் பாக்கெட்டுக்குப் பதிலாக 3.5 சதவீத ஊதாப் பாக்கெட் என்று அறிவிப்பு வந்தது. உள்ளே வைட்டமின் ஏ, டி. விலை? அதேதான். நூற்றில் ஒரு பங்கு கொழுப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு பழைய காசையே வாங்குவதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர். பால்காரர் தண்ணீர் ஊற்றினால் சொல்லுவோமே, அந்தப் பெயர். அடுத்த வருஷம் டிசம்பரில் அதே 4.5 சதவீதம் 'கிரீன் மேஜிக் பிளஸ்' என்று புதுச்சட்டை போட்டு வந்தது. 450 மில்லி 25 ரூபாய். பழைய பச்சை 500 மில்லி 22 ரூபாய். கணக்குப் போட்டால் லிட்டருக்குப் பதினோரு ரூபாய்க்கு மேல் ஏற்றம். எடுத்தாலும் லாபம், திருப்பிக் கொடுத்தாலும் லாபம். கொழுப்பு என்றால் இதுதான்.

அதற்காகக் கொழுப்பே நல்லது என்கிற எதிர்க்கட்சியிலும் சேர்ந்துவிடாதீர்கள். நேற்று வடையைப் பிழிந்தவரின் மச்சான் இன்று பேலியோ டயட்காரர். கருப்பட்டிக் காபியில் வெண்ணெய் மிதக்கிறது, கொலஸ்ட்ரால் எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லி, டாக்டர் எழுதிய ஸ்டாட்டின் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டார். ஏற்கெனவே ஒரு முறை மாரடைப்பு வந்த ஆள். இவருக்கு வெண்ணெய்ப் பெருமை. தினம் கால் கிலோ பாதாமும் ஆறு முட்டையும் தின்ன வசதி இருப்பவருக்கு எந்த டயட்டும் பலிக்கும். பலிக்காவிட்டால் ஆஞ்சியோவுக்கும் வசதி இருக்கும்.

இன்னொன்று. 1990-களின் தொடக்கத்தில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கிற பெண்களும் களையெடுக்கிற பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பெரியம்மாவும் பழகினவர்தான், தண்ணீர்க்குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு மைல் கணக்கில் மிதித்திருக்கிறார். ஆஸ்பத்திரி கொடுத்த தாளின் கடைசி வரியில், வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் 'ஸ்டேஷனரி பைக்' ஓட்டச் சொல்லியிருந்தது. எங்கேயும் போகாத சைக்கிள் என்று விளக்கினேன். "போகாத சைக்கிள ஏன் மிதிக்கணும், அதுக்குத் தண்ணியெடுத்துட்டு வரலாம்ல" என்றார்.

போன வாரம் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள் என்று உளுந்து அரைத்து வடை சுட்டார். நல்ல கடலை எண்ணெய், புது எண்ணெய். சட்டியிலிருந்து அரித்து எடுத்ததைப் போட ஏதாவது தாள் கேட்டார். அலமாரி மேலிருந்த வண்ணத்தாளை எடுத்துக் கொடுத்தேன். வடை சிரிக்கிற இதயத்தின் மேல் உட்கார்ந்தது. எண்ணெய் வழவழப்பில் உருண்டு, ஓட்ஸ், புரோக்கோலி எல்லாவற்றையும் தாண்டி, விளிம்பு வழியாகத் தரையில் சொட்டியது.

"இது குடிக்க மாட்டேங்குதுப்பா. பழைய பேப்பரு கெடந்தா ஒண்ணு குடு."